பணியாற்றலாம் அணியின் கடைசிப் பேச்சாளர்

பேச ஆளே கிடைக்காத கட்சிக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

பேரையூர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் ஆண்டு விழாவுக்கு ஒரு பட்டிமன்றம் வைப்பது வழக்கம். 'படைவீரனின் வெற்றிக்குக் காரணம் தாயா தாரமா' என்கிற மாதிரி ஏதாவது ஒரு தலைப்பு. ஆளுக்கு ஒரு பக்கம் கத்துவார்கள். இரண்டும்தான் என்று நடுவர் தீர்ப்புச் சொல்வார். கைதட்டிவிட்டு எல்லாரும் பிரியாணி தின்னப் போவார்கள். இந்த வருடம் யூடியூப் சேனல்காரன் ஒருவன் படம் எடுக்க வருகிறேன் என்றானாம். காரசாரமாகத் தலைப்பு இருந்தால்தான் ஓடும் என்றும் சொன்னானாம். சங்கச் செயலாளர் சுருளி, சுபேதாராக ஓய்வு பெற்றவர், டி.வி.யில் எதையோ பார்த்துவிட்டு ஒரு தலைப்பைப் பிடித்தார். 'ஓரினச்சேர்க்கையாளர்கள் ராணுவத்தில் வெளிப்படையாகப் பணியாற்றலாமா, கூடாதா?'

கூடாது என்று பேச அடித்துப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். பணியாற்றலாம் என்று பேச ஒரு ஈ காக்காய் இல்லை. பேசிவிட்டு இறங்கினால், 'அண்ணே, நீங்க எப்படி?' என்று எவனாவது கண்ணடிப்பானே என்ற பயம். கெஞ்சிக் கூத்தாடி இரண்டு கல்லூரிப் பிள்ளைகளைப் பிடித்துவிட்டார்கள். அணிக்கு மூன்று பேர் வேண்டும். அம்பேத்கர் பிறந்த நாள் கூட்டங்களில் நான் தொண்டை கிழியப் பேசுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுருளி போன் போட்டார்.

"தம்பி பீமாராவ், நீயும் பட்டாளத்துல இருந்தவன்தான? முழங்காலு போயி வந்தவன்தான? சங்கத்துல ஒனக்கு ஒரு மரியாத செஞ்ச மாதிரி இருக்கும். வந்து பேசுப்பா."

"சாப், எனக்குச் சங்கத்துல மெம்பர் கார்டே குடுக்கலையே."

"அது பேப்பர் சமாச்சாரம். மேடைக்கு எதுக்குப்பா கார்டு?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"சிறப்பு விருந்தினர் நம்ம அழகுபாண்டி. ஹவில்தார். லீவுல வந்திருக்கான். அடுத்து நாயிப் சுபேதார் ஆகப்போறான், ஊருக்கே பெருமை. ஒனக்கு அவனத் தெரியுமோ?"

தெரியுமோவா!

"ஒரே யூனிட்டுதான் சாப்," என்றேன். "வாரேன்."

எங்கள் ஊர் சோழவந்தானில் யாரைக் கேட்டாலும், பாவம், பீமாராவுக்கு முழங்கால் போச்சு, அதனால்தான் பட்டாளத்தை விட்டு வந்துவிட்டான் என்பார்கள். எங்கள் அம்மா கட்டிவிட்ட கதை. அவள் மானத்தைக் காப்பாற்ற நானும் கொஞ்ச காலம் நொண்டிப் பார்த்தேன். எந்தக் கால் என்பது அடிக்கடி மறந்துபோனதால் விட்டுவிட்டேன். இப்போது கொடிக்கால்களிலிருந்து மதுரைக்கு வெற்றிலை ஏற்றிப்போகும் குட்டியானை ஓட்டுகிறேன். கிளட்ச் மிதிக்கிற காலில் ஒரு குறையும் இல்லை.

நடந்தது இதுதான். பனி மலையில் ஒரு போஸ்ட்டில் இருந்தோம். என் போனில் ஒரு படம் இருந்தது. படத்தில் என் முகம் இருந்தது. இன்னொருவனின் முகம் இல்லை, சட்டையில்லாத தோள் மட்டும் இருந்தது. என் உதடு அந்தத் தோளில் இருந்தது. கூடத் தங்கியவன் ஒருவன் போனை நோண்டி, பார்த்து, மேலே கொண்டுபோய்க் காட்டிவிட்டான். விசாரணை வைத்தார்கள். 'தூஸ்ரா கோன் ஹை?' இரண்டாவது ஆள் யார்? காலையிலும் அதே கேள்வி, சாயங்காலமும் அதே கேள்வி. பெயரைச் சொல், உன் பாரம் பாதி குறையும் என்றார்கள். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழகுபாண்டியும் என்னோடு ரயிலேறியிருப்பான்.

நாட்டுக்கெல்லாம் ஒரு சட்டம், பட்டாளத்துக்கு ஒரு சட்டம். இது குற்றமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி வருடங்கள் ஆகிவிட்டன. தெருவில் போகிறவனுக்கு அது செல்லும். சீருடை போட்டவனுக்கு, 'இயற்கைக்கு மாறான இழிசெயல்' என்ற பழைய வரி ராணுவச் சட்டத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு விட்டார்களா? இரண்டாவது ஆள் கிடைக்காத ஆத்திரத்தில், தங்கள் வசதிக்கு ஒரு வரி சேர்த்து எழுதிக்கொண்டார்கள். 'உடன் பணியாற்றிய வீரரை வற்புறுத்தினான்.'

வேலை போனது போகட்டும் என்று எனக்கே பழகிவிட்டது. அந்த ஒரு சொல் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. வற்புறுத்தினானாம். அந்த மலையில், கூடாரத்துக்குள், என் போர்வைக்குள் முதலில் கையை விட்டது அழகுபாண்டி. "வெரலு வெறச்சுப் போச்சு மாப்ள," என்றான். விரலைத் தேய்த்துக் கொடுத்தேன். விடிந்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. இதில் எவன் எவனை வற்புறுத்தினான், சொல்லுங்கள்.

சென்னையில் இருக்கும் ராணுவத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். மதுரையில் ஆர்த்திகா என்று ஒரு வக்கீலம்மா நடத்துகிறார். நல்ல பெண். போன மாதம் ஃபைலை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "அந்த இன்னொருத்தர் வந்து, 'என்னை யாரும் வற்புறுத்தல'ன்னு சொன்னாப் போதும் சார். அந்த வரி நிக்காது. அவர் வரலன்னா எனக்கு வேற வழி தெரியல."

போன் போட்டேன் அவனுக்கு.

"மாப்ள, ஒரு வார்த்தடா. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

"அந்த ஒரு வார்த்தயச் சொன்னா மறுநாளு நானும் வீட்டுல இருப்பேன். பொண்டாட்டி புள்ள இருக்கு மாப்ள."

"நான் ஒம் பேரச் சொல்லலையேடா."

"அத நான் மறக்கல."

"மறக்காம என்னத்தச் செஞ்ச?"

"லீவுல வாரேன். நேர்ல பேசுவோம்," என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் நான் அடித்தால் எடுப்பதில்லை. ஊருக்கு வந்திருக்கிறான் என்பதையே சுருளி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வருகிறது, விடுவேனா? அவன் பெயரை இழுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்து, எழுந்து ஓட வழியில்லாமல், நடந்ததை என் வாயால் அவன் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, வெளியே வந்து, சரி மாப்ள, சொல்றேன் என்று அவன் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன். அணியாவது மண்ணாங்கட்டியாவது.

பேரையூர்க் கல்யாண மண்டப வாசலில் ஆள் உயர ஃப்ளெக்ஸ். அழகுபாண்டி சீருடையில் நிற்கிறான், பக்கத்தில் ஒரு புலி. எந்தக் கம்ப்யூட்டர்காரன் கொண்டுவந்து நிறுத்திய புலியோ! கீழே நடுவர் பேராசிரியர் சோணைமுத்து படம், வில்லாபுரம் டீச்சர் கனகலட்சுமி படம், மற்றவர்கள் படம். என் படத்தைத் தேடினேன். 'மற்றும் பலர்' என்று போட்டிருந்தது. அந்தப் பலரும் நான் ஒருத்தன்தான்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். மீசையை இன்னும் பெரிதாக வளர்த்திருந்தான். தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி சுபலட்சுமி, மடியில் மல்லிகைப்பூவும் போனுமாக. என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்து, உடனே உயிர் பெற்றது. எழுந்து கையை நீட்டினான்.

"வாங்க பீமாராவ் சார்," என்றான்.

சார்! யூனிட்டில் ஒரே தட்டில் தின்றவன். ஆனால் பேரையூரில் அவன் வீடு எந்தத் தெருவில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, 'ஒம் பேரக் கேட்டாலே நீ எந்தத் தெருன்னு எங்கப்பனுக்குத் தெரிஞ்சுரும் மாப்ள,' என்றான். இரண்டு விதமாக மறைக்க வேண்டிய ஆளாக இருந்திருக்கிறேன் அவனுக்கு. "நல்லா இருக்கேன் சார்," என்று கையைக் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனேன்.

மேடைக்குப் பின்னால் கனகலட்சுமி டீச்சர் முகத்துக்குப் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தார். எதிரணித் தலைவி.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குத் தனிப்பட்ட முறையில யார் மேலயும் ஒண்ணுமில்ல. சுருளி சார் 'கூடாது' குடுத்தாரு, பேசுறேன். போன மாசம் திருநெல்வேலியில 'பணியாற்றலாம்' குடுத்தாங்க. அங்க போட்டுக் கிழிச்சுட்டேன்."

"எது உங்க கருத்து டீச்சர்?"

"மேடையில ஏதுண்ணே சொந்தக் கருத்து?" என்று சிரித்தார்.

அந்த அம்மாள் மைக்கைப் பிடித்தால் பிடித்ததுதான். "எங்க வீட்டுக்காரரு லேசா கொறட்ட விட்டாலே தலகாணியத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கு ஓடி வர்றவ நான். பாவம், நம்ம ஜவான் எங்கிட்டு ஓடுவான்? முன்னாடி எதிரி, பக்கத்துப் படுக்கையில இவரு! அவன் எந்தப் பக்கம் துப்பாக்கியத் திருப்புவான்?" மண்டபம் குலுங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஓய்வு பெற்ற கிழங்கள் எல்லாம் பொக்கை வாய் தெரிய ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அழகுபாண்டியும் சிரித்தான். பாவிப் பயல், குழந்தை முழித்துக்கொள்கிற மாதிரிச் சிரித்தான்.

அப்புறம் டீச்சர் குரலை இறக்கினார். "பெத்தவ நம்பி அனுப்புறாய்யா. எம் மகன் வீரனா வருவான், இல்ல வீரமா கொடி போத்திக்கிட்டு வருவான்னு அனுப்புறா. இந்த மாதிரி அசிங்கத்துக்கு நடுவுல எம் புள்ளயப் படுக்க வைக்கவான்னு அவ கேட்டா, இந்த அணி என்ன பதில் சொல்லும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் அப்படி ஒரு கைதட்டல்.

கல்லூரிப் பிள்ளைகள் இருவரும் நெதர்லாந்து, கனடா என்று நாடுகளின் பெயரை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசியாக என்னைக் கூப்பிட்டார் நடுவர். "இப்ப வாரவரு நெஜமான பட்டாளத்துக்காரரு. ஆனா பாருங்க, மாட்டிக்கிட்ட அணி அப்படி!" சிரிப்பு.

நான் முதலில் ஒழுங்காகத்தான் பேசினேன். "டீச்சரம்மா கூடாரத்தப் பத்திச் சொன்னாங்க. அந்தக் குளிரு டீச்சருக்குத் தெரியாது. மூக்கத் தொட்டா மூக்கு இருக்கான்னு தெரியாது. அங்க பக்கத்துல படுத்திருக்கவன் யாரு, எந்த ஊரு, எந்தச் சாமி கும்புடுறவன், யாரு மேல ஆசப்படுறவன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். மூச்சு விடுறானான்னு மட்டும் பாப்பான்." பின்வரிசையில் ஒரு கிழவர் தலையை ஆட்டினார். "ரகசியம் வச்சிருக்கவனத்தாங்க எதிரி மெரட்ட முடியும். வெளிப்படையா இருக்கவன எத வச்சு மெரட்டுவான்? சொல்லாதே, மறைச்சுக்கோன்னு சட்டம் போட்டு, எதிரி கையில கயித்தக் குடுக்குறது நாமதான்." இதற்கும் கொஞ்சம் கைதட்டினார்கள். நேரம் முடியப்போகிறது என்று நடுவர் மணியில் கைவைத்தார்.

"பெத்தவ என்ன கேப்பான்னாங்க டீச்சர். என்னையும் ஒருத்தி பெத்தாங்க," என்றேன். "இப்பச் சொல்லப் போறது கதையில்ல. நடந்தது. அந்த ஆளு நாந்தான்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போர்வையை, விரலை, போனில் இருந்த படத்தை, தூஸ்ரா கோன் ஹை என்று கேட்ட அதிகாரியின் மேஜையில் ஆறிப்போன டீயை. பெயரைச் சொல்லாமல் நான் நின்றதை. வற்புறுத்தினான் என்று எழுதி அனுப்பியதை. அழகுபாண்டியின் முகத்தைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே கட்டியிருந்த பேனரைப் படித்துக்கொண்டிருந்தான்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பின்னாலிருந்து ஒரு விசில். "ஏய், பிச்சு ஒதர்றாருய்யா!" உடனே மண்டபம் முழுக்கக் கைதட்டல். நடுவர் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்திரமாவே மாறிட்டாருங்க நம்ம பீமாராவ்! கண்ணுல தண்ணியே வரவச்சுட்டாரு, பாருங்க!"

"அய்யா, நான் நடிக்கல. நெஜம்," என்றேன்.

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"சத்தியமாய்யா! எங்காலுக்கு ஒண்ணுமே ஆகல, பாருங்க!" என்று மேடை அதிரக் குதித்துக் காட்டினேன். அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. சுருளி விழுந்து விழுந்து சிரித்தார். யூடியூப்காரன் கேமராவைத் தூக்கிக்கொண்டு என் காலுக்குப் பக்கத்தில் வந்தான். அட போங்கய்யா! பட்டிமன்றத்தில் நின்று பெற்ற தாயின் மேல் சத்தியம் செய்தாலும் அது பேச்சுத்திறமைதான். எந்த அணியில் பேசுகிறவனும் கொடுத்ததைப் பேசுகிறவன்தானே. டீச்சர் சொன்னது சரி, நான்தான் புத்தி கெட்டுப்போய் உண்மையைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன்.

மணி அடித்துவிட்டார்கள். நான் இறங்கவில்லை. முதல் வரிசையைப் பார்த்துக் கேட்டேன். "அந்த இன்னொருத்தரு எங்க இருந்தாலும் அவர ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் ஒன்ன வற்புறுத்துனேனா?"

அழகுபாண்டி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

தீர்ப்புக்கு முன்னால் நடுவருக்கு ஒரு யோசனை வந்தது. "நாம இங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து பேசுறோம். எல்லையில நிக்கிற ஒருத்தரு இங்க இருக்காரே, அவரக் கேப்போமா?" கேப்போம், கேப்போம் என்று கூட்டம் கத்தியது. மைக் கைமாறி கைமாறி அவனிடம் போனது. குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி எழுந்து நின்றான்.

"சர்வீஸ்ல இருக்கவங்க இதப்பத்திக் கருத்துச் சொல்லக் கூடாதுங்கய்யா," என்றான்.

சரி, நல்லது என்று நினைத்தேன். இதோடு உட்கார்ந்துவிடு மாப்ள. இது பொய்யில்லை. இதோடு உட்கார்.

"கருத்து வேணாம் தம்பி. பேச்சப் பத்தியாச்சும் ரெண்டு வார்த்த சொல்லுங்க."

அவன் மீசையைத் தடவினான். "பீமாராவ் சார் நல்லா நடிச்சாரு. நெஜமா நடந்த மாதிரியே இருந்துச்சு." கைதட்டினார்கள். கைதட்டு அவனுக்கும் ஏறிவிட்டது போலிருக்கிறது. "ஆனா நானும் அதே யூனிட்டுத்தான். எங்க யூனிட்ல அப்படி ஆளு யாருமே கெடையாது. ஜெய் ஹிந்த்."

மண்டபமே எழுந்து ஜெய் ஹிந்த் என்றது. நானும் மேடையில் எழுந்து நின்றேன். பழக்கம்.

நடுவர் தீர்ப்பைக் கேளுங்கள். "இருக்கவன் இருந்துட்டுப் போகட்டுங்க, ஆண்டவன் படைப்பு. ஆனா அத வெளிய சொல்லித் தம்பட்டம் அடிக்க வேணாம். பணியாற்றலாம், வெளிப்படையாக் கூடாது!" ஆகா, ஆகா என்றார்கள். இரண்டு அணியும் ஜெயித்துவிட்டதாம். நாக்கை வெட்டிக்கொள், ஆனால் சாப்பிட வா என்கிற தீர்ப்பு. சிறந்த பேச்சாளர் நான்தானாம். சிறப்பு விருந்தினர் கையால் எனக்குப் பொன்னாடை.

அழகுபாண்டி மேடையேறினான். ஜரிகைத் துண்டை விரித்து என் தோளைச் சுற்றிப் போர்த்தினான். ஊர் பார்க்க அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவன் கை என் கழுத்துக்குப் பின்னால் தேவைக்கு மேல் ஒரு நொடி நின்றது. அந்த நொடிக்காக அவனை எட்டி உதைக்கலாம் போலவும் இருந்தது, அப்படியே சாய்ந்துவிடலாம் போலவும் இருந்தது.

"லீவு முடியுது மாப்ள," என்றான் காதோரம். "மறுபடி அந்த மலைக்கே போடுறாங்க. புதன்கெழம கெளம்பணும்."

"அப்பச் சொல்ல மாட்ட."

"சிரி மாப்ள. போட்டோ எடுக்குறாங்க."

சிரித்தேன். நல்ல படமாக வந்திருக்கிறதாம்.

பந்திக்குக் கூட்டம் முண்டியடித்தது. எனக்குப் பசியில்லை. துண்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு கைகழுவுகிற இடத்துப் பக்கமாக வெளியே போனேன். பின்னாலேயே கொலுசுச் சத்தம். சுபலட்சுமி. குழந்தை இடுப்பில் இருந்தது. அழுது மூக்கு சிவந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலோடு அழகுபாண்டி அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, எம்புட்டு நல்லா பேசுனீங்க! எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பே வரல. அழுகதான் வந்துச்சு," என்றாள். "ஒண்ணு கேக்கவாண்ணே? அந்த இன்னொரு ஆளு என்ன ஆனான்? அத நீங்க சொல்லவே இல்லையே."

அவ்வளவு பெரிய மண்டபத்தில் அவள் ஒருத்திதான் அதைக் கேட்டாள். அழகுபாண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். இங்கே மேடையில்லை, மைக்கில்லை. நான் சொன்னால் இவள் நம்புவாள். ஒரு வாக்கியம் போதும். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனா?" என்றேன். அவனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கான் தாயி. கல்யாணம் முடிச்சுட்டான். இன்னும் பட்டாளத்துலதான் இருக்கான்."

சுபலட்சுமியின் முகம் மாறிவிட்டது. "கதைன்னாலும் வயிறு எரியுதுண்ணே. கூட இருந்தவன அசிங்கப்பட விட்டுட்டு, அவன் பொண்டாட்டி புள்ளயோட சோறு திங்கிறானா? நல்லா இருப்பானா அவன்? எல்லையிலதான நிக்கிறான், ஒரு குண்டு வந்து அவன்—"

"ஏ, வாயக் கழுவு தாயி!"

நான் போட்ட சத்தத்தில் கைகழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. தாலி கட்டியவள் வயிறெரிந்து சொன்னால் பலித்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர்கள் தெருவிலும் உண்டு, எங்கள் தெருவிலும் உண்டு, அது ஒன்றில்தான் பாகுபாடு கிடையாது. நான் மேடைக்கு மேடை மூடநம்பிக்கையைக் கிழிக்கிறவன். ஆனால் புதன்கிழமை அவன் அந்த மலைக்குப் போகிறான். இத்தனை நேரம் அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று நெஞ்சுக்குள் கறுவிக்கொண்டிருந்த எனக்கு, அதை இன்னொரு வாய் சொல்லக் கேட்கத் தெம்பில்லை.

"சொன்னதத் திருப்பி வாங்கு தாயி. துப்பிரு. அப்படி ஒருத்தனே கெடையாது."

"என்னண்ணே, இம்புட்டுப் பதறுறீங்க?"

"எல்லாம் நானாக் கட்டுனது. கைதட்டு வாங்கணும்ல? சும்மா நடிச்சேன். அப்படி ஒரு ஆளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. துப்புத் தாயி."

"நெசமாவா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

அவள் ஓரமாகத் திரும்பித் தூ தூ என்று துப்பினாள். பிறகு சங்கடமாகச் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆத்தாடி, நான் நெசம்னே நம்பிட்டேண்ணே. அப்ப நல்லா இருக்கட்டும், யாரு பெத்த புள்ளையோ!"

"ஆமா. நல்லா இருக்கட்டும்."

தீர்ப்பாயத்தில் எனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அவனைக் கேட்கத்தான் வந்தேன். அப்படி ஒரு ஆளே கிடையாது என்று அவன் பெண்டாட்டியிடம் நானே சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். இனிமேல் அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லவே தேவையில்லை. அழகுபாண்டி முன்னால் வந்து அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

"ரெண்டாம் பந்தி போடுறாங்க," என்றான் அவளிடம். "வா, சாப்பிடுவோம்."